வாசப்படியில் யார் உட்காருவது? – பூட் மெனுவின் கதை

நம்மில் பல பேர் ஒரே பொட்டியில ரெண்டு இயங்குதளம் வச்சுக் குடும்பம் நடத்தினவங்கதான். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் லினக்ஸ். ஆன் பண்ணினா கறுப்புத் திரையில நாலஞ்சு வரி வரும். அம்புக்குறியை மேலே கீழே நகர்த்தி என்டர் தட்டணும், அவ்வளவுதான். ஆனா அந்த நாலஞ்சு வரிக்குப் பின்னால 40 வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கு. நடுவுல ஒரு கோர்ட் கேஸ் வேற! அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

2006 கடைசி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று கொஞ்ச நாள் ஆகியிருந்தது. தன் ஊர்க்கதையை எழுதறேன்னு உட்கார்ந்தார். ஏரி, தேர், பஞ்ச காலத்துல யார் வீட்டுல கஞ்சி ஊத்தினாங்க, யாருக்கும் யாருக்கும் வாய்க்கால் தகராறு... எல்லாம் தமிழ்ல, ரெண்டு விரலால தட்டித் தட்டி எழுபது பக்கம் ஆயிருந்தது. வைரஸ் தொல்லை வேண்டாம்னு அவருக்கு லினக்ஸ் பக்கத்துல ஓப்பன் ஆபீஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். பூட் மெனுவுல அந்த வரியோட பேரையும் மாத்தி, இங்கிலீஷ் எழுத்துல 'அப்பா'ன்னு வச்சிருந்தேன். மனுஷனுக்கு அதுல ஒரு பெருமை. "என் பக்கம்"னுதான் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை, பென் டிரைவ் வழியா வைரஸ் புகுந்த மத்த பக்கத்தை அழிச்சுட்டு அந்த இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். பார்ட்டிஷனை எல்லாம் ரெண்டு தடவை சரிபார்த்துதான் செஞ்சேன். முடிஞ்சு பொட்டி திரும்ப எழுந்துச்சு. மெனு வரலை. நேரா நீல டெஸ்க்டாப். அப்பா காபி டம்ளரோட வந்து நின்னார்.

"என் பக்கம் எங்கடா?"

பேக்கப் இருக்கான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. அதெல்லாம் பட்ட பிறகு வர்ற ஞானம் மக்கா. நிறுவறதுக்கு முன்னாடி நாலு வரி படிச்சிருந்தா இது நடந்திருக்காது. தப்பு முழுக்க என்னோடதுதான். பக்கத்துத் தெருவுல சிஸ்டம் சரிபண்றவர்கிட்ட போன்ல கேட்டேன். "அது போயிருக்கும் சார், மொத்தமா பார்மட் போட்டுடலாம், கொண்டாங்க"ன்னார். பொட்டியோட வயரைக் கழட்டவே ஆரம்பிச்சுட்டேன்.

நல்லவேளை, கழட்டி முடிக்கல. ஏன்னு சொல்லணும்னா 1983-க்குப் போகணும்.

512 பைட் வாசப்படி

1983 மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. உள்ளே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். கூடவே பிசி டாஸ் 2.0. இன்னிக்கு ஒரு போட்டோவுக்குக்கூடப் பத்தாத அந்த 10 எம்பி, அன்னிக்குப் பெரிய மைதானம். இவ்வளவு இடத்தை ஒரே ஆள் ஆளணுமா, பல இயங்குதளங்கள் பங்கு போட்டுக்கலாமேன்னு யோசிச்சிருக்காங்க. அதனால டிஸ்க்கை நாலாகப் பிரிக்கிற வசதி வச்சாங்க.

டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமா எம்பிஆர்னு பேர். கணக்கு இப்படி: முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நாலு. கடைசி 2 பைட் ஒரு முத்திரை. பொட்டியை ஆன் பண்ணினதும் பயாஸ் என்ன செய்யும்? இந்த முதல் செக்டரை நினைவகத்துக்கு எடுத்துக்கும், முத்திரை சரியான்னு பாக்கும், பொறுப்பை அந்தக் குட்டி நிரல்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிடும். அதை யார் எழுதினது, எப்ப எழுதினதுன்னு ஒரு கேள்வி கேக்காது.

446 பைட் எவ்வளவு சின்னதுன்னு தெரியணுமா? இப்ப நாம எழுதற யூனிகோடு தமிழ்ல ஒரு குறிக்கு 3 பைட். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. அப்படிப் பார்த்தா 148 குறிதான் அடங்கும். பொங்கல் வாழ்த்து எழுதவே இழுபறியாயிடும். அந்த இடத்துக்குள்ளதான் ஒரு கணினி எப்படி எழணும்ங்கற முடிவே இருந்தது.

டாஸ் வச்ச குட்டி நிரலுக்கு மெனு எல்லாம் தெரியாது. நாலு பார்ட்டிஷன்ல 'ஆக்டிவ்'னு எதுல கொடி பறக்குதோ அதை எழுப்பும். வேற இயங்குதளம் வேணும்னா ஃஎப்டிஸ்க் நிரலுக்குள்ள போய்க் கொடியை மாத்தி நட்டுட்டு, பொட்டியைத் திரும்ப ஆன் பண்ணணும். அதாவது நாலு பேர் குடியிருக்க வீடு கட்டியாச்சு, வாசப்படி மட்டும் ஒண்ணே ஒண்ணு. யார் கடைசியா வந்து உக்காருறாங்களோ அவங்க வச்சதுதான் சட்டம். நம்ம கதையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு இடத்துல தொடங்குது.

எல், ஐ... அப்புறம் மௌனம்

1991-ல் லினக்ஸ் வந்தது. 1992-ல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் லிலோவை எழுதினார். லினக்ஸ் லோடர்ங்கறதோட சுருக்கம். டாஸும் லினக்ஸும் ஒரே டிஸ்க்குல இருந்தா எது வேணும்னு கேக்கும். அதே 1992-ல் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0-உம் தன் பங்குக்கு ஒரு பூட் மேனேஜரோட வந்தது. வாசப்படியில உக்காந்து "யாரைப் பாக்கணும்?"னு விசாரிக்கிற ஆள் நம்ம பொட்டிக்குக் கிடைச்சது இந்தக் காலத்துலதான்.

லிலோகிட்ட எனக்குப் பிடிச்ச விஷயம், தன் பேரையே நாடி பாக்கற கருவியா வச்சிருந்தது. ஒவ்வொரு படி முடிஞ்சதும் ஒரு எழுத்தைத் திரையில காட்டும். 'எல்' வந்தா முதல் கட்டம் ஓடுது. 'எல் ஐ' வந்தா ரெண்டாம் கட்டத்தை எடுத்தாச்சு. நாலு எழுத்தும் வந்தா எல்லாம் சுபம். 'எல் ஐ'யோட நின்னுட்டா ரெண்டாம் கட்டத்தை எடுத்தாச்சு, ஆனா அது ஓட மாட்டேங்குதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல திரையில ரெண்டு எழுத்தைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க முழிச்சவங்க நிறையப் பேர் உண்டு.

லிலோவுக்கு ஒரு பலவீனம். அதுக்குக் கோப்பு, அடைவு எதுவும் புரியாது. கெர்னல் டிஸ்க்குல எந்தெந்த இடத்துல கிடக்குன்னு இடத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கும். தெரு பேர் தெரியாம, "இங்கேர்ந்து முந்நூறு அடி"ன்னு மட்டும் தெரிஞ்ச தபால்காரர் மாதிரி. வீட்டுக்காரர் இடம் மாறிட்டா கடிதம் போய்ச் சேராது. புதுக் கெர்னல் போட்டுட்டு லிலோ கட்டளையை ஒரு தடவை ஓட்ட மறந்தோம்னா மறுநாள் பொட்டி எழாது.

படிக்கத் தெரிஞ்ச காவல்காரர்

1995-ல் எரிக் போலின், குனூ ஹர்டு இயங்குதளத்தை யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 மைக்ரோகெர்னல் மேல எழுப்பப் பாத்துக்கிட்டிருந்தார். ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விதமா எழுந்தா எப்படின்னு, அவரும் பிரையன் ஃபோர்டும் சேர்ந்து மல்டிபூட்னு ஒரு பொது வழிமுறையை வகுத்தாங்க. அதுக்காக எரிக் எழுதினதுதான் கிரப். 1999-ல் கோர்டன் மாட்ஸிக்கைட்டும் யோஷினோரி ஒக்குஜியும் அதைக் குனூ திட்டத்தின் தொகுப்பா எடுத்து வளர்த்தாங்க.

கிரப்புக்கு எழுதப் படிக்கத் தெரியும். டிஸ்க்கில் உள்ள கோப்பு முறைமையைப் புரிஞ்சுக்கிட்டு, மெனு கோப்பைத் தானே திறந்து படிக்கும். நீங்க கெர்னலை மாத்தி மெனுவுல ஒரு வரி திருத்தினாப் போதும், அடுத்த தடவை அதுவே பாத்துக்கும். 446 பைட்டுக்குள்ள இவ்வளவு புத்தி எப்படி? அங்க இருக்கிறது முதல் கட்டம் மட்டும்தான். மீதியெல்லாம் எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவுல இருக்கற காலி இடத்துலயும், லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளயும் இருக்கும்.

விண்டோஸை அது எழுப்பற விதம் ரொம்பவே நாகரிகமானது. 'செயின்லோடர்'னு ஒரு வரி. அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டரை அப்படியே எடுத்து ஓடவிட்டுத் தான் ஒதுங்கிக்கும். "உன் வீட்டை நீ பாத்துக்கோப்பா, நான் கதவைத் திறந்து விடறேன்"ங்கற மாதிரி.

மறுபக்கத்துல 1993-ல் வந்த விண்டோஸ் என்டியிலும் பூட் டாட் ஐனிங்கற கோப்போட ஒரு மெனு இருந்தது. அதுல அதன் சொந்தக்காரங்களும் பழைய டாஸும் வரும். லினக்ஸோட பூட் செக்டரை 512 பைட் கோப்பா எடுத்து அங்க வச்சு, ஒரு வரி எழுதினா லினக்ஸையும் அந்த மெனுவிலிருந்து எழுப்பலாம். ஆனா அதை நாமதான் கையால செய்யணும். 2001-ல் வந்த எக்ஸ்பியை நிறுவும்போது அது எம்பிஆரின் 446 பைட்டில் தன் நிரலை எழுதிக்கும். அங்க ஏற்கெனவே யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்காது. அதனாலதான் "முதல்ல விண்டோஸ், அப்புறம் லினக்ஸ்"ங்கற வேதவாக்கு பிறந்தது.

அந்த ராத்திரிக்குத் திரும்புவோம்

இப்ப புரியுதா? என் பொட்டியில அழிஞ்சது 446 பைட்தான். அதுக்கு அடுத்த 64 பைட் அட்டவணை அப்படியே இருந்தது. அப்பாவின் எழுபது பக்கமும் இருந்த இடத்துலயே இருந்தது. வீடு எரியலை, வாசப்படியில ஆள் மாறியிருந்தார், அவ்வளவுதான். வயரைக் கழட்டும்போது இது எனக்குத் தெரியாது. மேசை இழுப்பறையில உபுண்டு 6.06 குறுந்தகடு ஒண்ணு கிடந்தது கண்ணுல பட்டுச்சு. அந்தக் காலத்துல கேட்டா உபுண்டுக்காரங்க உலகம் முழுக்கத் தபால்ல இலவசமா அனுப்புவாங்க. (2011-ல் நிறுத்திட்டாங்க.) போட்டுப் பாத்துடுவோம்னு போட்டேன்.

குறுந்தகட்டிலிருந்தே லினக்ஸ் எழுந்தது. டிஸ்க்கைத் திறந்து பார்த்தா அப்பாவோட அடைவு, அதுக்குள்ள கோப்பு. முதல் வேலையா அதை நகல் எடுத்தேன். கை நடுக்கம் நின்ன பிறகு முனையத்துல கிரப்பை ஓட்டி நாலு கட்டளை அடிச்சேன். 'ஃபைண்ட்' போட்டு ஸ்டேஜ்1 கோப்பு எங்கன்னு கேட்டேன். (எச்டி0,4)னு பதில் வந்தது. கிரப் அப்பல்லாம் சுழியத்திலிருந்து எண்ணும், அதனால 4-ன்னா அஞ்சாவது பார்ட்டிஷன். 'ரூட்' போட்டு அதைச் சொன்னேன். 'செட்டப்' போட்டு (எச்டி0)ன்னு முழு டிஸ்க்கைக் காட்டினேன். 'குவிட்'. பொட்டியைத் திரும்ப ஆன் பண்ணினா கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, நடுவுல அப்பா!

"இதுக்கா இவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே?"ன்னுட்டு அவர் தட்ட உக்காந்துட்டார்.

அன்னிக்குத்தான் இன்னொரு பாடமும் படிச்சேன். சில பேர் முன்ஜாக்கிரதையா எம்பிஆரின் 512 பைட்டையும் நகல் எடுத்து வச்சுட்டு, பின்னால அப்படியே திரும்ப எழுதுவாங்க. நடுவுல பார்ட்டிஷனை மாத்தியிருந்தா பழைய அட்டவணை வந்து புதுசு மேல உக்காந்துடும். அப்ப நெசமாவே வீடு போச்சு. நிரலை மட்டும் திரும்ப எழுதணும்னா 446-ஐத் தாண்டக் கூடாது.

மெனு கோர்ட் ஏறின கதை

என் வீட்டுல நடந்தது கவனக்குறைவு. ஆனா இந்த வாசப்படிக்காகத் தெரிஞ்சே நடந்த சண்டை ஒண்ணு உண்டு.

ஆப்பிளில் இருந்த ஜான்-லூயி காஸே 1990-ல் பீ நிறுவனத்தைத் தொடங்கினார். பீஓஎஸ்ங்கற அதன் இயங்குதளம் படம், ஒலி வேலைக்கெல்லாம் அசத்தலா ஓடும். விண்டோஸைத் தூக்கச் சொல்லலை, பக்கத்துல எங்களையும் வைங்கன்னுதான் பீ கேட்டது. ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா பிரியஸ் கணினியில் விண்டோஸோட பீஓஎஸ்ஸையும் போட்டு வித்தது. ஆனா வாங்கினவர் ஆன் பண்ணினா மெனு வராது! டிஸ்க்குல பீஓஎஸ் இருக்கு, அதுக்குப் போற வழி மட்டும் இல்ல. அதை எழுப்பணும்னா பயனரே தனியா வழிமுறை படிச்சுச் செஞ்சுக்கணும். கணினி தயாரிப்பாளர்களோட மைக்ரோசாஃப்ட் போட்ட உரிம ஒப்பந்தந்தான் இதுக்குக் காரணம்ங்கறது பீயின் குற்றச்சாட்டு.

2001-ல் பீ தன் சொத்துகளைப் பாம் நிறுவனத்துக்கு 1.1 கோடி டாலருக்கு வித்துட்டுக் கடையைச் சாத்தத் தொடங்கியது. 2002 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டது. 2003 செப்டம்பரில் 2.325 கோடி டாலருக்குச் சமரசம். தப்பு செஞ்சதா மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கலை. பீ பொழைக்கவும் இல்லை.

இதுக்கு நடுவுல, அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல போட்ட ஏகபோக வழக்கில் 2002 நவம்பரில் இறுதித் தீர்ப்பு வந்தது. அதுல ஒரு சின்னப் பிரிவு: விண்டோஸ் தொடங்கறதுக்கு முன்னாடி, வேற பூட் லோடர் மூலமா வேற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கற வசதியைத் தயாரிப்பாளர்கள் கொடுத்தால் மைக்ரோசாஃப்ட் தடுக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. 446 பைட் சமாச்சாரம் ஒரு நாட்டோட நீதிமன்றத் தீர்ப்புல இடம் பிடிச்சிருக்கு. அந்தத் தீர்ப்பின் காலம் 2011 மே மாசத்தோட முடிஞ்சது.

அதே 2011-ல் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதில் கொடுத்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு 'ரெண்டுல எது வேணும்?'னு கணினி கேட்ட முதல் கேள்வி அதுதான். பாதிப் பேர் அந்தப் பக்கமே போகாம இருந்திருக்கலாம். ஆனாலும் கேள்வி கேக்கப்பட்டது பாருங்க, அதுதான் விஷயம்.

வாசப்படி போய் வரவேற்பறை வந்தது

எம்பிஆரின் காலம் மெல்ல முடிஞ்சது. 2 டெராபைட்டுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. இன்டெல் தொடங்கி, 2005-லிருந்து ஒரு கூட்டமைப்பு வளர்த்த யுஇஎஃப்ஐ அதோட இடத்துக்கு வந்தது. இதுல ஒத்தை வாசப்படி கிடையாது. டிஸ்க்குல தனியா ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதுக்குள்ள ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி அடைவு. யாரை முதல்ல கூப்பிடறதுங்கற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். அதனால இப்பல்லாம் மெனு காணாமப் போனா பெரும்பாலும் யாரும் எதையும் அழிச்சிருக்க மாட்டாங்க, வரிசை மாறியிருக்கும். பயாஸ் திரைக்குள்ள போய் லினக்ஸை மேல ஏத்தினாலே பல நேரம் சரியாயிடும்.

கூடவே 'செக்யூர் பூட்' வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலானது. கையொப்பம் சரியா இருக்கற நிரலை மட்டும்தான் பொட்டி எழுப்பும். பயாஸ் கேக்காம விட்ட 'யார் எழுதினது?'ங்கற கேள்வியை இது கேக்குது. நல்லதுதான், பூட் செக்டர் வைரஸ்னு ஒரு இனமே இருந்ததே. ஆனா கையொப்பம் போடற பேனா பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கையில. அதனால மேத்யூ கேரட் முதலானவங்க 'ஷிம்'ங்கற ஒரு சின்ன நிரலை எழுதி, அதுக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம் வாங்கி, அது மூலமா கிரப்பை எழுப்பற வழி கண்டுபிடிச்சாங்க.

2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஓட்டை உள்ள பழைய பூட் லோடர்களைத் தடை செஞ்சது. ரெட்டை இயங்குதளப் பொட்டிகளைத் தொடாதுன்னுதான் அறிவிப்பு. ஆனா சில பொட்டிகளை அது கண்டுபிடிக்கத் தவறி, ஏகப்பட்ட லினக்ஸ் எழாமப் போச்சு. முழுத் தீர்வு வந்தது 2025 மே மாசம்.

ஒரு பக்கமே திட்டக் கூடாது இல்லையா? 2021-ல் வந்த கிரப் 2.06, டிஸ்க்கில் வேற இயங்குதளம் இருக்கான்னு தேடற வேலையைப் பாதுகாப்புக்காக இயல்பா நிறுத்தி வச்சது. அப்டேட் போட்டவங்களுக்கு மெனுவிலிருந்து விண்டோஸ் காணோம்! இந்தத் தடவை கைய வச்சது நம்மாளு. கிரப்போட அமைப்புக் கோப்புல ஓஎஸ்-புரோபரை அனுமதிக்கற ஒரு வரியை எழுதிட்டு, அப்டேட்-கிரப் ஓட்டினா திரும்பி வந்துடும்.

கடைசியா...

வாசப்படி மாறுது, காவல்காரர் மாறுறார். கேள்வி மட்டும் 1983-லிருந்து அதேதான்: இந்தப் பொட்டி எப்படி எழணும்னு யார் முடிவு பண்றது? என் பதில் சுலபம். காசு கொடுத்து வாங்கினவர். அந்த முடிவு அவர் கையில இருக்குங்கறதுக்கு அடையாளம்தான் அந்த நாலஞ்சு வரி மெனு.

அதனால மக்களே, ஒரு நாள் மெனு காணாமப் போனா பார்மட் போடற யோசனைக்கே போகாதீங்க. பெரும்பாலும் வீடு பத்திரமா இருக்கும். லைவ் யுஎஸ்பி ஒண்ணு போட்டு உள்ள பாருங்க. முதல்ல கோப்புகளை நகல் எடுங்க. அப்புறம் பூட் வரிசையைப் பாருங்க. அதுக்கும் மசியலைன்னா கிரப்பை மறுபடி நிறுவுங்க.

அப்பாவின் ஊர்க்கதை இருநூறு பக்கத்தைத் தாண்டிடுச்சு. இன்னும் ஏரி வெட்டின கதையே முடியலை. பொட்டி நாலு மாறியாச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கி நான் எல்லாம் போட்டு முடிச்சதும் அவர் கேக்கறது ஒண்ணுதான்:

"என் பக்கம் இருக்குல்ல?"

இருக்குப்பா. ரெண்டாவது வரி.